வீங்கும் மண்ணும் விரிசற் சுவரும்

'வீட்டைக் கட்டிப் பார். கலியாணம் செய்து பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. வீடு கட்டுவதன் அருமையையும் அதற்காகும் பொருட்செலவையும் இப் பழமொழி நன்கு உணர்த்துகின்றது. மக்களுட் பலர் தம் வாழ்நாளில் ஒரே முறைதான் வீடு கட்டுகின்றனர். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளும், வங்கியிற் பெற்ற கடனும் அந்த ஒரு வீட்டிலேயே அடங்கிவிடுகின்றன. ஆதலின் நல்ல செங்கல், நல்ல சிமெண்டு, தேர்ந்த கொத்தனார் என்று ஒவ்வொன்றையும் அவர்கள் பார்த்துப் பார்த்துத் தேடுகின்றனர். ஆனால், அவ்வீட்டை என்றும் தாங்கி நிற்கப்போகும் மண் எத்தகையது என்று கேட்போர் மிகச் சிலரே.

களிமண் நிலத்தில் ஒரு குடும்பத்தார் வீடு கட்டிக் குடிபுகுந்தனர் எனக் கொள்வோம். முதலாண்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின், சன்னலின் மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் தோன்றுகின்றது. கூடத்தின் தரை நடுவே சற்று மேடிடுகின்றது. நன்றாகச் சாத்திக் கொண்டிருந்த கதவு ஒன்று, சில மாதங்களில் நிலையோடு இறுகிச் சிக்கிக்கொள்கின்றது. சுற்றுச்சுவரோ மேலிருந்து கீழ்வரை பிளந்து நிற்கின்றது. வீட்டுக்காரர் கொத்தனாரைக் குறை கூறுகின்றார். கொத்தனார் செங்கல்லையும் மணலையும் குறை கூறுகின்றார். முடிவில் சிமெண்டுச் சாந்தால் விரிசலைப் பூசி, வெள்ளையடித்து மறைக்கின்றனர். அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே விரிசல் மீண்டும் வாய் திறக்கின்றது. செங்கல்லிலும் பிழையில்லை, கொத்தனாரின் கைத்திறனிலும் பிழையில்லை. பிழை விளைந்த இடம் சுவருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மண்ணில் உள்ளது.

இத்தகைய மண் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் காணப்படுகின்றது. கோவிற்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலம் யாவரும் அறிந்ததே. கோயம்புத்தூர்ப் பகுதியிலும் கரிசல் நிலம் உண்டு. சென்னை மாநகரின் மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்திலும் சிற்சில இடங்களில், நீரால் வீங்கும் களிமண் தட்டுப்படுகின்றது. இவ்வட்டாரத்தில், ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே செல்லும் சாலையில் அமைந்தது பருத்திப்பட்டு. இவ்வூரின் ஏரி ஏறத்தாழ 87 ஏக்கர்ப் பரப்புடையது. அவ்வேரி சீர்திருத்தப் பெற்று, கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைக்கப்பெற்று, 2019-ஆம் ஆண்டில் மக்களின் பயன்பாட்டிற்குத் திறக்கப்பட்டது. ஊருக்குத் தெற்கே கூவம் ஆறு ஓடுகின்றது.

ஒரு காலத்தில் இவ்வட்டாரம் ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்த நாட்டுப்புறமாக இருந்தது. 1960-களில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் பெருந்தொழிற்சாலைகளும் தொழிற்பேட்டையும் தோன்றின. தொழில் நாடி மக்கள் வந்தனர், வயல்கள் மனைகளாயின. 2019-ஆம் ஆண்டில் ஆவடி, மாநகராட்சியாகவும் உயர்த்தப்பட்டது. முன்பு நெல் விளைந்த நிலத்தில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. நெல்லுக்கு ஏற்ற மண் எது? நீரை எளிதில் கீழே விடாது தேக்கி வைக்கும் களிமண்ணே அன்றோ? நெல்லுக்கு நன்மையாய் இருந்த அப்பண்பே வீட்டுக்குத் தீமையாய் முடிதலும் உண்டு.

இப்பகுதியின் களிமண் நேற்று இன்று உண்டானது அன்று. ஆவடி, திருப்பெரும்புதூர்ப் பகுதிகளில் நிலத்தின்கீழ்ப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய களிப்பாறை அடுக்குகள் உள்ளன. நிலநூலார் இவற்றைக் கோண்டுவானாப் பாறைத் தொகுதியுள் அடக்குவர். இப்பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து களிமண்ணாகின்றன. இவற்றின்மேல் ஆறுகள் கொணர்ந்த வண்டலும், ஏரிகளிற் படிந்த நுண்சேறும் சேர்ந்துள்ளன. ஆகவே ஒரு தெருவில் மணற்பாங்கான மண்ணும், அடுத்த தெருவில் கொழுத்த களிமண்ணும் இருத்தல் கூடும். பக்கத்து வீடு நன்றாக நிற்கின்றது என்பது கொண்டு, தம் மனையின் மண்ணும் நல்லதே என்று முடிவு செய்தல் பொருந்தாது.

இனி, களிமண் ஏன் வீங்குகின்றது என்பதைக் காண்போம். மணல், வண்டல், களி என்னும் மூவகை மண்ணையும் அவற்றின் துகளளவு கொண்டு பிரிப்பர். களியின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியது. மணற்றுகள் உருண்டையான சிறுகல் போன்றது. நீர் அதன் புறத்தே நனைத்துச் செல்லுமேயன்றி உட்புகாது. களித்துகளோ மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்றது. ஓலைச்சுவடி ஒன்றை நினைத்துக்கொண்டால் அதன் அமைப்பு எளிதில் விளங்கும். ஏடுகள் எவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றனவோ, அவ்வாறே அத்தகடுகளும் படிந்து கிடக்கின்றன. ஒரு தகட்டின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவினதே.

களிமண் யாவும் ஒரே இயல்பின அல்ல. கயோலினைட்டு என்னும் களியில் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும்; ஆதலின் நீர் அவற்றிடையே நுழைய மாட்டாது. பீங்கான் செய்யப் பயன்படுவது இவ்வகையே. மாண்ட்மோரில்லனைட்டு என்னும் மற்றொரு களியிலோ தகடுகளின் பிணைப்பு மிகத் தளர்வானது. பிரான்சு நாட்டிலுள்ள மாண்ட்மோரில்லன் என்னும் ஊரின் பெயரால் இது வழங்குகின்றது. இதன் தகடுகள் எதிர்மின்னூட்டம் உடையவை. அவற்றிடையே சோடியம், கால்சியம் முதலியவற்றின் நேர்மின் அயனிகள் தங்கியுள்ளன. நீரின் மூலக்கூறு ஒருபால் நேர்மின் தன்மையும் மறுபால் எதிர்மின் தன்மையும் உடையதாகையால், இவற்றால் எளிதில் ஈர்க்கப்பட்டுத் தகடுகளின் நடுவே புகுகின்றது. புகுந்த நீர் தகடுகளை விலக்குகின்றது. கோடிக்கணக்கான தகடுகள் இவ்வாறு சிறிது சிறிது விலகவே, மண் முழுவதும் வீங்கி எழுகின்றது. வெயிலில் நீர் நீங்கியதும் தகடுகள் மீண்டும் நெருங்குகின்றன, மண் சுருங்குகின்றது.

இக்களியின் நீர்வேட்கைக்கு அதன் பரப்பே காரணம். ஒரு கிராம் மாண்ட்மோரில்லனைட்டின் தகடுகளை எல்லாம் தனித்தனியே பிரித்து, அவற்றின் முகங்களை அளந்து கூட்டினால், ஏறத்தாழ எழுநூறு சதுர மீட்டர்ப் பரப்பு உண்டாகும். சென்னையில் மனையை அளக்கும் கணக்கில் இது மூன்று கிரவுண்டுக்கு மேலாகும். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று கிரவுண்டு மனை அடங்கியிருப்பதும், அப்பரப்பு முழுவதும் நீரை நாடி நிற்பதும் வியப்புக்குரியன அல்லவா?

கோடையில் வற்றிய ஏரிப்படுகையில் இதனைக் கண்ணாரக் காணலாம். சேறு காயக் காய, படுகை முழுவதும் பாளம் பாளமாகப் பிளக்கும். அப்பிளவுகளுள் கைவிடும் அளவுக்கு அகன்றவையும் உண்டு. மழை பெய்ததும் பாளங்கள் நீரை உண்டு பருத்து, பிளவுகள் மறைந்து, படுகை மீண்டும் ஒரே பரப்பாகிவிடும். மண் ஆண்டுதோறும் இவ்வாறு அடங்குதலும் எழுதலும், மூச்சு வாங்குதலையும் விடுதலையும் போன்றவை. திறந்த வெளியில் இதனால் யாருக்கும் கேடில்லை. ஆனால், அம்மண்ணின்மேல் வீடொன்று நிற்குமாயின், அதன் நிலை என்னவாகும்?

வீட்டின் பாரமே மண்ணை அடக்கிவிடாதோ என்று சிலர் வினவலாம். ஒரு மாடியும் இல்லாத எளிய வீட்டின் கடைக்கால் (இதனையே அஸ்திவாரம் என்பர்), தன் கீழுள்ள மண்ணை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து டன் அளவே அழுத்துகின்றது. மிகுதியாக வீங்கும் களிமண்ணோ சதுர மீட்டருக்கு 20 டன், 30 டன் அளவும் மேல்நோக்கித் தள்ள வல்லது. ஆதலின் இப்போட்டியில் வீடு தோற்கின்றது, மண் வெல்கின்றது. பல மாடிக் கட்டடங்கள் தம் பெரும் பாரத்தாலும், ஆழமான கடைக்காலாலும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சிறிய வீடு, தாழ்வாரம், சுற்றுச்சுவர், பள்ளிக்கூடத்தின் ஒற்றைத்தளக் கட்டடம் ஆகிய இவையே பெரிதும் துன்புறுகின்றன. பாரம் மிகுந்தால் கட்டடம் அமிழ்ந்து கெடும் என்று எண்ணுவதே மக்கள் இயல்பு. இங்கோ பாரம் குறைந்ததே கெடுகின்றது. செல்வரின் பெருமாளிகையைவிட எளியவரின் சிறுவீட்டையே இம்மண் மிகுதியாக வருத்துகின்றது என்பது கருதத்தக்கது.

இன்னும் ஓர் உண்மையைத் தெளிதல் வேண்டும். மண் முழுவதும் ஒரே அளவாக எழுந்து ஒரே அளவாகத் தாழுமாயின், வீட்டுக்குப் பெருங்கேடில்லை. கோயில் திருக்குளத்தில் நீர் ஏறும்பொழுது தெப்பம் முழுவதும் ஒருசேர உயர்கின்றது; அதில் ஒரு கயிறும் அறுவதில்லை. தெப்பத்தின் ஒரு பாதி மட்டும் உயர்ந்து, மறுபாதி உயராது நின்றால், அது முறிந்துவிடும். வீட்டின் செய்தியும் இத்தகையதே. வீட்டின் நடுப்பகுதியிலுள்ள மண்ணைக் கூரையும் தளமும் மூடியுள்ளன. அங்கே வெயிலும் மழையும் நேரே படுவதில்லை. ஆதலின் அதன் ஈரம் பெரும்பாலும் மாறாது நிற்கின்றது. வெளிச்சுவரின் ஓரத்து மண்ணோ கோடையில் காய்ந்து தாழ்கின்றது. மழையில் நனைந்து எழுகின்றது. நடுவில் ஒரு நிலையும் ஓரத்தில் ஒரு நிலையுமாக மண் இருப்பதால், இடைப்பட்ட சுவர் வளைய வேண்டியதாகின்றது. செங்கற்சுவருக்கு வளையத் தெரியாது, பிளக்கத்தான் தெரியும்.

விரிசலின் வடிவத்தைக் கொண்டே மண்ணின் அசைவைப் பெரும்பாலும் ஊகித்தறியலாம். கோடையில் ஓரங்கள் தாழும்பொழுது, சுவர் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகின்றது. அப்பொழுது விரிசல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். மழைக்காலத்தில் ஓரங்கள் எழும்பொழுது, விரிசல் கீழே அகன்று மேலே குறுகி நிற்கும். கதவும் சன்னலும் உள்ள இடங்களில் சுவருக்கு வலிமை குறைவு. அதனாலேயே அவற்றின் மூலைகளிலிருந்து விரிசல் சாய்வாகப் புறப்படுகின்றது.

சென்னை வட்டாரத்தின் பருவநிலை இவ்வசைவுக்குப் பெரிதும் துணைசெய்கின்றது. இங்கே ஓராண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதிற் பாதிக்கு மேற்பட்ட அளவு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. மார்ச்சு முதல் மே வரை மழை மிக அரிது. ஆகவே மண் ஆண்டுதோறும் ஒருமுறை நன்றாக நனைகின்றது. ஒருமுறை நன்றாகக் காய்கின்றது. சில ஆண்டுகளில் இவ்வேறுபாடு எல்லை கடந்துவிடுவதும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையால் சென்னையும் அதன் புறநகர்களும் வெள்ளத்தில் மூழ்கின. 2019-ஆம் ஆண்டுக் கோடையிலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ முற்றிலும் வற்றின. நான்கு ஆண்டுகளுக்குள் ஒரே மண் இத்தகைய இருவேறு நிலைகளையும் கண்டது.

பருவம் செய்யும் கேட்டுடன் மக்கள் அறியாது செய்யும் கேடும் சேர்ந்துகொள்கின்றது. குளியலறை நீரைக் கடைக்காலின் ஓரத்திலேயே விட்டுவிடுதல், நிலத்தினுள் கசியும் குழாயைக் கவனியாதிருத்தல், மாடியின் மழைநீர் சுவரோரத்தில் விழுமாறு செய்தல் ஆகியவற்றால் ஓரிடத்து மண் மட்டும் ஓயாது நனைகின்றது. மற்றொரு புறத்தில் அரசோ வேம்போ சுவரை ஒட்டி வளருமாயின், அதன் வேர்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி அவ்விடத்தை உலர்த்துகின்றன. ஒரு மூலை நனைய, மறு மூலை காய, வீடு முறுக்குண்கின்றது. மரம் வளர்த்தல் நன்றே; ஆயினும் களிமண் நிலத்தில், மரம் முழு வளர்ச்சி பெறும்பொழுது எத்துணை உயரம் இருக்குமோ, அத்துணைத் தொலைவேனும் வீட்டினின்று தள்ளி நடுதல் நலம்.

சுவரில் தோன்றும் ஒவ்வொரு கீற்றுக்கும் மண்ணே காரணம் என்று கொள்ளுதலும் தவறாகும். பூச்சு விரைவில் உலர்வதால் மயிரிழை போன்ற கீற்றுகள் தோன்றும். மாடித்தளம் வெயிலில் விரிவதால் கூரையை ஒட்டி ஒரு நீண்ட விரிசல் தோன்றும். காங்கிரீட்டினுள் கம்பி துருப்பிடித்தாலும் மேற்பூச்சு வெடிக்கும். மண்ணால் உண்டான விரிசலைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. விரிசலின் இருபுறமும் பென்சிலால் இரு புள்ளிகள் இட்டு, அவற்றின் இடைவெளியை அளந்து, நாளுடன் குறித்துவைத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை இவ்வாறு ஓராண்டுக்காலம் அளந்து பார்த்தால், பருவத்திற்கேற்ப இடைவெளி கூடியும் குறைந்தும் வருதல் புலனாகும். அவ்வாறாயின் மண்ணே அசைகின்றது என்பது பெரும்பாலும் உறுதி. இதனை அறியாது, கோடையில் அகன்ற விரிசலை உடனே சாந்தால் அடைப்பவர், மழைக்காலத்தில் அது மூட இடமில்லாது செய்து, சுவரை மேலும் நெருக்குகின்றனர்.

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காத்தலே சிறந்தது. வீடு கட்டுவதற்கு முன்பே மண்ணின் வீங்கும் இயல்பை அறிய ஓர் எளிய சோதனை உள்ளது. இதனை இந்திய நியமக் கழகம் 1977-ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. மண்ணை உலர்த்திப் பொடித்து, நுண்ணிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்துக் கிராமாக இரு பங்குகள் எடுத்துக்கொள்வர். 100 மில்லிலிட்டர் அளவு குறித்த இரு கண்ணாடிச் சாடிகளில் ஒன்றில் நீரையும், மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு மண்ணை இடுவர். மண்ணெண்ணெயின் மூலக்கூற்றுக்கு நீரைப்போல் இருவகை மின் முனைகள் இல்லாமையால், களித்தகடுகள் அதனை ஈர்ப்பதில்லை; அதில் மண் வீங்குவதில்லை. ஒரு நாள் கழித்து இரு சாடிகளிலும் படிந்துள்ள மண்ணின் கன அளவைப் பார்ப்பர். மண்ணெண்ணெயில் 12 மில்லிலிட்டரும், நீரில் 21 மில்லிலிட்டரும் இருப்பதாகக் கொண்டால், வேறுபாடு 9. இது 12-க்கு நூற்றுக்கு 75 ஆகின்றது. இவ்வெண் 20-க்குக் கீழிருப்பின் வீக்கம் குறைவு. 50-க்கு மேற்படின் வீக்கம் மிக அதிகம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இச்சோதனை, பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டைக் காக்க வல்லது.

மண் வீங்குவது என்று தெரிந்தால் அவ்விடத்தில் வீடே கட்டலாகாது என்பது இல்லை. மண்ணின் இயல்புக்கேற்பக் கட்டினாற் போதும். வெயிலும் மழையும் மண்ணின் மேற்பகுதியையே மாற்றுகின்றன. கீழே செல்லச் செல்ல ஈரத்தின் மாறுபாடு குறைந்துகொண்டே போகின்றது. நம் நாட்டுக் கரிசல் நிலங்களில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்திற்குக் கீழே, ஆண்டு முழுவதும் மண் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதாக அறிஞர் கண்டுள்ளனர். ஆகவே வீட்டின் பாரத்தை அந்த அசையாத மண்ணிலே சேர்த்துவிட்டால், மேல்மண் எவ்வளவு எழுந்தாலும் தாழ்ந்தாலும் வீடு நிலைத்து நிற்கும்.

இக்கருத்தைக் கொண்டு எளிய வீடுகளுக்கும் ஏற்ற ஒரு முறையை, உரூர்க்கியில் 1947-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தது. இப்பணியில் தினேஷ் மோகன் என்னும் பொறியியல் அறிஞர் முதன்மையானவர். நிலத்தில் குறுகலான துளையைக் கையால் இயக்கும் துரப்பணத்தால் இறக்கி, அதன் அடிப்பகுதியை மட்டும் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பியிட்டுக் காங்கிரீட்டால் நிரப்புவர். அடியில் கிழங்கு பருத்த செடியைப்போல் இத்தூண் அமைகின்றது. மேல்மண் வீங்கித் தூணை மேலே இழுக்க முயன்றாலும், பருத்த அடி நங்கூரம்போல் பற்றிக்கொள்ளும். தூண்களின் தலைகளை இணைத்து உத்திரம் அமைத்து, அதன்மேல் சுவர் எழுப்புவர். உத்திரத்திற்கும் கீழேயுள்ள மண்ணுக்கும் இடையே ஏறத்தாழ எட்டுச் சென்டிமீட்டர் வெற்றிடம் விடுவர். மண் வீங்குவதற்கு அவ்விடம் உதவும். அது சுவரை எட்டித் தொடாது. மண்ணை எதிர்த்து நில்லாமல், அது எழுவதற்கு இடங்கொடுத்து விலகி நிற்பதே இம்முறையின் நுட்பம்.

வேறு வழிகளும் உள்ளன. வீங்கும் மண்ணை ஒரு மீட்டர் அளவு தோண்டி நீக்கி, வீங்காத கிராவல் மண்ணை இட்டு நன்றாகத் திமிசால் இறுக்கலாம். இத்தகைய மண்படுகையின் இயல்பைப் பம்பாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கட்டி விரிவாக ஆராய்ந்தார். களியுடன் சுண்ணாம்பைக் கலத்தல் மற்றொரு வழி; சுண்ணாம்பிலுள்ள கால்சியம் தகடுகளிடையே புகுந்து அவற்றைப் பிணைப்பதால் வீக்கம் தணிகின்றது. ஆனால், களிமண் பள்ளத்தில் வெறும் மணலை நிரப்பிவிட்டு ஏமாந்திருத்தல் கூடாது. சுற்றிலும் களிமண் சூழ, நடுவே மணல் நிறைந்த பள்ளம் ஒரு தொட்டியாகி, மழைநீரைச் சேர்த்துவைத்துக் கடைக்காலை நனைக்கும்.

முன்னரே கட்டி முடித்த வீட்டுக்காரர் முதலிற் செய்ய வேண்டுவது, சுவரைச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தைச் சமமாக வைத்தலாகும். வீட்டைச் சுற்றிலும் வெளிப்புறம் சரிந்த சிமெண்டுத் தளம் அமைத்து, மழைநீர் விலகியோடச் செய்யலாம். கசியும் குழாய்களைச் செப்பனிடலாம். ஈரம் ஒரு நிலைக்கு வந்து, விரிசல் அசையாது நின்றபின் அதனை அடைத்தலே முறையாகும். விரிசல் பெருகி, சுவர் சாய்வதாகத் தோன்றின், காலந்தாழ்த்தாது பொறியாளரை அழைத்துக் காட்டுதல் கடமை.

இத்துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. 1976-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நேர்ந்த கடும் வறட்சியால், இலண்டன் வட்டாரக் களிமண் சுருங்க, வீடுகள் பல விரிசல் கண்டன. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டில் ஜோன்சு, ஹோல்ட்சு என்னும் இருவர் ஒரு கணக்கு வெளியிட்டனர். அந்நாட்டில் வீங்கும் மண்ணால் ஆண்டுதோறும் விளையும் இழப்பு 230 கோடி டாலர் என்றும், அது வெள்ளம், புயல், நிலநடுக்கம், சூறாவளி ஆகியவற்றால் விளையும் இழப்பினும் மிகுதி என்றும் அவர்கள் காட்டினர். அவர்கள் இதனை மறைந்திருக்கும் பேரிடர் எனக் குறித்தனர். புயலையும் வெள்ளத்தையும் உலகம் அறியும், உதவிக்கு ஓடிவரும். வீட்டின் அடியில் ஓசையின்றி நடக்கும் இக்கேட்டை அவ்வீட்டார் மட்டுமே அறிவர்; அவர்களும் பலகால் அதன் காரணத்தை அறியாது பிறரைப் பழிப்பர்.

ஆயினும் களிமண்ணை மனிதனின் பகை என்று கூறுதல் நன்றி மறத்தலாகும். ஏரிக்கு நீர் கசியாத படுகையாய் அமைந்தது களிமண்ணே. வயலில் நீரைத் தேக்கி நெல் விளையச் செய்ததும், குயவர் கையில் பானையும் ஓடும் ஆனதும் களிமண்ணே. சூளையில் வெந்த செங்கல் பின்னர் எவ்வளவு நனைந்தாலும் மீண்டும் களியாவதில்லை. நெருப்பு அதன் இயல்பை மாற்றிவிடுகின்றது. வேகாத களியோ தன் இயல்பு மாறாது, நீர் கண்டால் எழும். வெயில் கண்டால் அடங்கும். அவ்வியல்பை அறிந்து கட்டுவோர்க்கு அம்மண்ணும் வீட்டைத் தாங்கும் நிலமாகும். அறியாது கட்டுவோர்க்கு அதுவே ஆண்டுதோறும் சுவரை அசைக்கும் நிலமாகும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்று காண்போர்க்கு ஒருபுறம் நீரும், மறுபுறம் வீடுகளும் தோன்றும். இரண்டையும் தாங்குவது மண். ஆதலின் மனை வாங்குவோர் தெருவின் அகலத்தையும் கிணற்றின் நீரையும் கேட்பதோடு அமையாது, மண்ணின் இயல்பையும் கேட்டறிதல் வேண்டும். கடைக்கால் தோண்டுமுன் ஒரு பிடி மண்ணை எடுத்து ஆராய்பவர், தம் வாழ்நாள் உழைப்பைக் காத்துக்கொள்கின்றனர்.